கடைத்தெருவில் தனியார் கட்டட விதிகள்: திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும்

நகரின் மையக் கடைத்தெருவில் ஒருவர் தம் சொந்த நிலத்தில் கட்டடம் எழுப்பும்போது அது எவ்வளவு உயரம் போகலாம், தெருவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், மொத்தம் எத்தனை சதுர அடி கட்டலாம், வண்டிகளை எங்கே நிறுத்த வேண்டும், ஆபத்து வந்தால் உள்ளே இருப்பவர்கள் எப்படி வெளியேற வேண்டும் என்பனவற்றை வரையறுக்கும் அரசு விதிகள் கட்டட விதிகள் எனப்படுகின்றன. தமிழ்நாட்டில் இவை தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 என்பதை அடிப்படையாகக் கொண்டவை. 2019 பிப்ரவரி 4 அன்று வெளியான 'தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்' இன்று மாநிலம் முழுவதற்கும் பொருந்துகின்றன. திருவள்ளூர் மாவட்டத்தின் இரண்டு ஊர்க் கடைத்தெருக்களை வைத்து இவ்விதிகளின் உட்பொருளை இக்கட்டுரை விளக்குகிறது.

இரண்டு ஊர்கள்

திருவள்ளூர், வீரராகவப் பெருமாள் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர். தை அமாவாசையன்று கோயில் குளத்தில் நீராட வரும் கூட்டத்தைத் தாங்கும் அளவுக்கே அதன் பழைய தெருக்கள் அமைந்தன. 1997 சனவரி 1 அன்று செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் உருவானதும் ஊர் மாவட்டத் தலைநகர் ஆனது. அலுவலகங்கள், மருத்துவமனைகள், ஜவுளிக் கடைகள், நகைக் கடைகள், வங்கிகள் எல்லாம் தேரடி, ராஜாஜி சாலை, ஜே.என். சாலை, சி.வி. நாயுடு சாலை ஆகியவற்றை நோக்கி வந்தன. தெருக்கள் மட்டும் அப்படியே இருந்தன. ஊரை ஒட்டிய காக்களூரில் சிட்கோ தொழிற்பேட்டையும் உண்டு.

கும்மிடிப்பூண்டியின் கதை வேறு. சென்னையிலிருந்து வடக்கே ஆந்திர எல்லையை நோக்கிச் செல்லும் பழைய ஜி.என்.டி. சாலையில் அமைந்த இந்தச் சிற்றூரை மாற்றியது சிப்காட் தொழில் வளாகம். அகலமான உட்சாலைகள், அளந்து பிரித்த மனைகள், சுற்றுச்சுவர்கள் எல்லாம் வளாகத்துக்குள் உள்ளன. வளாகத்தில் உழைப்பவர்கள் சாப்பிடுவதும், பொருள் வாங்குவதும், வாடகைக்குத் தங்குவதும் வளாகத்துக்கு வெளியே உள்ள கடைத்தெருவிலும் அதன் சந்துகளிலும்தான். தொழிற்சாலை திட்டமிட்டு வந்தது. அதற்குத் தேவையான ஊர் திட்டமிடாமல் வந்தது.

சட்டம் வந்த வழி

சென்னை மாகாணத்தில் 1920-லேயே நகரத் திட்டச் சட்டம் ஒன்று இருந்தது. அதன் இடத்துக்கு 1971-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. ஆனாலும் நீண்ட காலம் ஒவ்வோர் உள்ளாட்சிக்கும் ஒவ்வொரு விதி. சென்னை மாநகராட்சிக்கு ஒன்று, நகராட்சிகளுக்கு ஒன்று, ஊராட்சிகளுக்கு ஒன்று, சென்னைப் பெருநகர எல்லைக்குள் இன்னொன்று என்று இருந்தன. நகராட்சி எல்லையில் ஒரு தெருவைத் தாண்டினால் விதி மாறிவிடும். 2019 விதிகளின் முதன்மையான பயன் இவற்றை ஒன்றாக்கியது.

அடுத்த மாற்றம் 2022 அக்டோபரில் நடந்தது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரத் திட்டப் பகுதி 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும்பகுதி இதனால் பெருநகரத் திட்டத்துக்குள் வந்தது. திருவள்ளூரை, மீஞ்சூர், திருமழிசை போன்றவற்றோடு சேர்த்துத் துணை நகரமாக வளர்ப்பதற்கான திட்டத்தையும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் எடுத்துள்ளது. ஆகவே இனி அங்கே எழும் கட்டடங்கள் சிற்றூர்க் கடைகளாக இருக்கப்போவதில்லை.

சாலை அகலம் என்னும் அளவுகோல்

விதிப் புத்தகம் தடித்தது, அட்டவணைகள் பல. ஆனால் அவற்றைத் திறக்கும் சாவி ஒன்றுதான்: மனையின் முன்னால் உள்ள சாலையின் அகலம். ஏறக்குறைய எல்லா அனுமதிகளும் அதிலிருந்தே கணக்கிடப்படுகின்றன. சாலை அகலமாக அகலமாக முன்புறம் விட வேண்டிய திறந்தவெளியும் கூடும். கட்டக்கூடிய அளவும் கூடும்.

18.30 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடம் 'உயர்மாடிக் கட்டடம்' ஆகிவிடுகிறது. அதற்குக் குறைந்தது 12 மீட்டர் அகலச் சாலை தேவை. உயர்மாடிக்கான முழு அளவையும் பெற 18 மீட்டர் சாலை வேண்டும். கட்டடத்தின் நான்கு பக்கமும் குறைந்தது 7 மீட்டர் திறந்தவெளி விட வேண்டும். உயரம் 30 மீட்டரைத் தாண்டினால் இந்த இடைவெளி இன்னும் கூடும். 7 மீட்டர் என்பது அழகுக்காகச் சொன்ன எண் அன்று. தீயணைப்பு வண்டி கட்டடத்தைச் சுற்றி வந்து நின்று ஏணியை நிமிர்த்த அவ்வளவு இடம் தேவைப்படுகிறது.

சாலை அகலத்தை அளவுகோலாக்கியதில் பொருள் இருக்கிறது. ஒரு கட்டடத்தில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதை மனையின் பரப்பு மட்டும் தீர்மானிக்க முடியாது. அந்தப் பேரும், அவர்கள் வண்டிகளும், அவர்கள் கழிவுநீரும், அவர்களைக் காப்பாற்ற வரும் ஆம்புலன்சும் அந்தத் தெரு வழியாகத்தான் போக வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், ஆவணத்தில் உள்ள சாலை வேறு, நடக்கும் சாலை வேறு. கடைக்காரர் கால்வாய்மேல் கல் பாவிப்பார். அதன்மேல் இரண்டு படி வைப்பார். படிக்கு மேலே தகரக் கூரை நீட்டுவார். கூரைக்குக் கீழே ஜெனரேட்டர் வரும். அதன் முன்னால் வாடிக்கையாளரின் இருசக்கர வண்டிகள் நிற்கும். இருபுறமும் இப்படி ஆறு ஆறு அடி போனால் 30 அடிச் சாலையில் மிஞ்சுவது 18 அடி. அனுமதி 30 அடிக்குக் கொடுத்தது; தீயணைப்பு வண்டி வருவது 18 அடியில்.

எஃப்.எஸ்.ஐ. கணக்கு

எஃப்.எஸ்.ஐ. என்று எல்லோரும் சொல்லும் தளப்பரப்புக் குறியீடு, மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதைக் குறிக்கும் எண். 2019 விதிகளில் சாதாரணக் கட்டடங்களுக்கு இது 2. உயர்மாடிக் கட்டடங்களுக்கு 3.25. முன்பு சாதாரணக் கட்டடங்களுக்கு 1.5 ஆக இருந்தது.

கடைத்தெருவில் அரை கிரவுண்டு மனை ஒன்று, 20 அடிக்கு 60 அடி என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 1,200 சதுர அடி. குறியீடு 2 என்றால் எல்லாத் தளங்களும் சேர்ந்து 2,400 சதுர அடி கட்டலாம். ஒவ்வொரு தளமும் 800 சதுர அடி என்றால் மூன்று தளம். 600 என்றால் நான்கு தளம். தரையில் குறைவாகப் பரவினால் மேலே கூடுதலாகப் போகலாம் என்பதே இதன் தத்துவம். இதற்கு மேலும் வேண்டுமென்றால் அரசுக்குக் கட்டணம் செலுத்திக் கூடுதல் குறியீடு வாங்கலாம். அதுவும் சாலை அகலத்தைப் பொறுத்ததே: 9 முதல் 12 மீட்டர் வரை 30 விழுக்காடு, 12 முதல் 18 வரை 40, அதற்கு மேல் 50.

மேலே சொன்ன மனைக்கு 30 விழுக்காடு கிடைத்தால் கூடுதலாக 720 சதுர அடி. காசு கொடுத்தால் கூடுதலாகக் கட்டலாம் என்ற ஏற்பாட்டைக் குறை சொல்பவர்கள் உண்டு. அந்தக் காசு அதே தெருவின் வடிகாலுக்கும் குடிநீருக்கும் திரும்பி வந்தால் குறை பாதியாகக் குறையும். கடைத்தெருவில் நின்று பார்ப்பவருக்கு அது வந்ததாகத் தெரிவதில்லை.

2024 மார்ச்சில் உயர்மாடி அல்லாத கட்டடங்களுக்கான 12 மீட்டர் உயர வரம்பு 14 மீட்டராக உயர்த்தப்பட்டது. கீழே வண்டி நிறுத்தமும் மேலே மூன்று தளங்களும் கொண்ட கட்டடத்துக்கு 12 மீட்டர் நெருக்கடியாக இருந்தது. தளங்களின் உயரத்தைக் குறைத்து, வெயில் காலத்தில் வெந்துபோகும் அறைகளைக் கட்டினார்கள். அந்த வகையில் இது நல்ல மாற்றம். ஆனால் கிடைத்த இரண்டு மீட்டரைக் காற்றுக்காகப் பயன்படுத்துவோர் எத்தனை பேர், இன்னொரு தளத்துக்காகப் பயன்படுத்துவோர் எத்தனை பேர் என்பது பார்க்க வேண்டியது.

ஒட்டிக் கட்டிய தெரு

20 அடி அகல மனையில் இருபுறமும் ஒரு மீட்டர் இடம் விட்டால் மிஞ்சுவது ஏறத்தாழ 4.1 மீட்டர். அதில் கடை வைக்க முடியாது. பழைய ஊர்களில் வீடுகள் பொதுச்சுவரோடு ஒட்டியே கட்டப்பட்டன. இத்தகைய தெருக்களுக்காகத்தான் விதிகளில் 'தொடர் கட்டடப் பகுதி' என்ற ஏற்பாடு இருக்கிறது. அப்படி அறிவிக்கப்பட்ட இடத்தில் பக்க இடைவெளி விடத் தேவையில்லை. அடுத்த வீட்டுக்காரர் ஒட்டிக் கட்டியிருக்கிறார் என்பதாலேயே இந்தச் சலுகை கிடைத்துவிடாது. திட்டக் குழுமம் அந்தப் பகுதியை முறைப்படி வரையறுத்திருக்க வேண்டும்.

பழைய ஒட்டு வீட்டுக்கு ஓர் உள்ளமைப்பு இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. முன்னால் திண்ணை, நடுவில் முற்றம், பின்னால் கொல்லை. பக்கவாட்டில் வராத வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியாக மேலிருந்து வந்தன. திண்ணையோ, தனியார் நிலத்தில் இருந்துகொண்டே வழிப்போக்கருக்கு இடம் கொடுத்தது. இன்றைய விதி கேட்கும் முன்புறத் திறந்தவெளியை அன்றைய வீட்டுக்காரர் விதி இல்லாமலே கொடுத்திருந்தார். இன்று ஒட்டுச் சுவர் மட்டும் மிஞ்சியது. முற்றத்துக்குத் தளம் போட்டாயிற்று, திண்ணை கடையாயிற்று, கொல்லை கிடங்காயிற்று. இரண்டு தளத்துக்குப் பொருந்திய சலுகையை வைத்து நான்கு தளம் எழுப்பினால் நடுவில் உள்ள அறைகளுக்குப் பகலிலும் குழல்விளக்குதான்.

கடலோரம்போல வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது சன்னல் திறப்பு இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட நெறித்தொகுப்பு. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடித் திறப்பு. கடைத்தெரு மாடிகளில் வாடகைக்கு விடப்படும் அறைகளை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தேறுபவை எத்தனை என்பது மாணவர்கள் தாங்களே செய்து பார்க்கக்கூடிய பயிற்சி.

படிக்கட்டும் தீயும்

கட்டட விதிகளின் வேர் எங்கும் ஏதாவதொரு பேரிடரில்தான் இருக்கிறது. 1666-இல் லண்டன் எரிந்தபின் அடுத்த ஆண்டே செங்கல்லாலும் கல்லாலும்தான் வீடு கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. தமிழ்நாட்டுக்கு அந்தப் பாடம் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் வந்தது. ஊரின் நெருக்கமான பகுதியில் இருந்த தனியார் பள்ளி ஒன்றில், சமையலறையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் இறந்தனர். குறுகிய படிக்கட்டு, போதாத வாசல், மேல்தளத்தில் கூரை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சிறிய விதிமீறலாகத்தான் தோன்றும். அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. பள்ளிக் கட்டடங்களுக்குச் சான்றிதழ்கள் கேட்கப்பட்டன. பள்ளிக்கு மட்டும்தான். அதே தெருவில் உள்ள ஜவுளிக் கடையிலும் பண்டிகை நாள்களில் அதே அளவு கூட்டம் நெரிகிறது.

2017 மே 31 அன்று சென்னை தியாகராய நகரில் ஏழு மாடி ஜவுளிக் கடை தீப்பிடித்தது. ஒரு நாளுக்கு மேல் எரிந்து, ஒரு பகுதி இடிந்து, மிச்சம் பின்னர் இடித்துத் தள்ளப்பட்டது. தீ அதிகாலையில் பிடித்தது, கடை திறந்திருக்கவில்லை.

கடைகளுக்கான படிக்கட்டு குறைந்தது 1.5 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்பது தேசிய நெறித்தொகுப்பின் அளவு. வீட்டுக்கு 1 மீட்டர். 1.5 மீட்டரில் இரண்டு பேர் தோள் இடிக்காமல் அருகருகே இறங்கலாம். வீடாகக் கட்டிய கட்டடத்தைக் கடையாக மாற்றும்போது முதலில் மாற வேண்டியது இதுதான். ஆனால் முதலில் மாறுவது பெயர்ப்பலகை. படிக்கட்டை அகலமாக்கினால் கடைப்பரப்பு குறையும்; ஆகவே படிக்கட்டு அப்படியே இருக்கும், அதன் கீழே அட்டைப்பெட்டிகள் அடுக்கப்படும்.

சிப்காட்டின் வாசலில்

தொழிற்சாலைக் கட்டடத்துக்குக் காவல் அதிகம். அதன் வரைபடத்துக்குத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஒப்புதல் வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு தனியாக வேண்டும். இந்தக் காரணத்தால்தான் ஒருங்கிணைந்த விதிகளில் தொழிற்சாலைக் கட்டடங்களுக்கு நிறைவுச் சான்றிலிருந்து விலக்கு தரப்பட்டது. வேறு கண்கள் பார்க்கின்றன என்ற நம்பிக்கை.

ஆனால் தொழிலாளி வேலை முடிந்து திரும்பும் விடுதிக்கு அந்தக் கண்கள் இல்லை. ஒடிசா, பீகார், மேற்கு வங்கம் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் கும்மிடிப்பூண்டியில் அறைக்குப் பலராகத் தங்குகிறார்கள். அவை ஆவணத்தில் பெரும்பாலும் வீடுகள், பயன்பாட்டில் விடுதிகள். வீட்டுக்கு விதிக்கும் வண்டி நிறுத்தம், கழிவறை, படிக்கட்டு அளவுகள் ஒரு குடும்பத்தை நினைத்து வகுக்கப்பட்டவை. மூன்று ஷிப்டில் மாறி மாறி உறங்கும் பலருக்கு அவை போதா. தொழிலாளி எட்டு மணி நேரம் இருக்கும் கட்டடத்தைச் சட்டம் நுணுக்கமாகப் பார்க்கிறது. மீதி நேரம் இருக்கும் கட்டடத்தைக் கடந்து போகிறது.

சான்று, மீறல், வரன்முறை

கட்டும் முன் பெறுவது திட்ட அனுமதி. கட்டிய பின் பெறுவது நிறைவுச் சான்று. அனுமதித்தபடிதான் கட்டினாரா என்பதை நேரில் பார்த்துத் தருவது இரண்டாவது. கடைத்தெருவுக்கு உயிர்நாடி அதுவே. 2024-இல் இரண்டு தளர்வுகள் வந்தன. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீடுகளுக்கு உரிமையாளரின் சுயசான்றின் அடிப்படையில் உடனடி அனுமதி என்பது ஒன்று. சொந்த வீடு கட்டுபவர் அலுவலகங்களுக்கு அலைவதை இது குறைத்தது, வரவேற்கத்தக்கது. 300 சதுர மீட்டர் வரையிலான சிறு வணிகக் கட்டடங்களுக்கு நிறைவுச் சான்று வேண்டாம் என்பது மற்றொன்று. 300 சதுர மீட்டர் என்பது 3,200 சதுர அடிக்குச் சற்று மேல். முன்னர் கணக்கிட்ட அரை கிரவுண்டு கடை, கூடுதல் குறியீட்டையும் சேர்த்து 3,120 சதுர அடி. அதாவது திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி போன்ற ஊர்களின் வழக்கமான கடைக் கட்டடம் ஏறத்தாழ முழுவதுமே இந்த விலக்குக்குள் அடங்கிவிடும். பெருநகரத்துக்குச் சிறியதாகத் தெரிவது சிற்றூரின் மொத்தக் கடைத்தெரு.

மீறிக் கட்டினால் வேலையை நிறுத்தவும், பூட்டி முத்திரையிடவும், இடிக்கவும் 1971 சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகள் அதிகாரம் தருகின்றன. அதே சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட 113-சி பிரிவோ 2007 ஜூலை 1-க்கு முன் கட்டப்பட்ட விதிமீறல் கட்டடங்களைக் கட்டணத்தோடு வரன்முறைப்படுத்த வழி செய்கிறது. விதியை மதித்து இடம் விட்டவர் அந்த இடத்தை இழந்தார். விடாதவர் கட்டணம் கட்டித் தப்பித்தார். இப்படி ஒருமுறை நடந்தால் அடுத்த கட்டடக்காரர் எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்ல வேண்டியதில்லை.

2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரப் பிரதேச வழக்கொன்றில் வேறொரு வழியைக் காட்டியது. நிறைவுச் சான்று இல்லாமல் மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகள் தரக் கூடாது. வங்கிகளும் சான்றைச் சரிபார்த்த பிறகே கடன் தர வேண்டும் என்று நாடு முழுவதற்கும் உத்தரவிட்டது. கடப்பாரையைவிட மின்வாரியத்தின் மீட்டர் பலமானது என்பது இதன் உள்ளர்த்தம்.

ஊருக்கென ஒரு விதி

மாநிலம் முழுவதற்கும் ஒரே விதி என்றாலும் ஒரு கடைத்தெருவுக்கெனத் தனி விதி வகுக்க முடியாது என்பதில்லை. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டடங்கள் 9 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று 1997-இல் அரசாணை வந்தது. அதை மீறிய கட்டடங்கள் குறித்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குகள் நடந்தன. மீறல்கள் இருந்தாலும், அந்த எண் இருந்ததால்தான் வழக்குத் தொடரவே முடிந்தது. 1971 சட்டத்தில் 'விரிவான வளர்ச்சித் திட்டம்' என்ற ஏற்பாடு இருக்கிறது. ஒரு சிறு பகுதிக்கு, தெருத் தெருவாக, சாலை விரிவாக்கக் கோடு எது, எந்த மனையில் என்ன பயன்பாடு என்று வரைந்து காட்டுவது அது. திருவள்ளூரின் கோயில் தெருக்களுக்கும் தேரடிக்கும் பொருந்தக்கூடிய கருவி. துணை நகரத் திட்டம் புதிய சாலைகளையும் புதிய மனைகளையும் மட்டும் வரைந்துவிட்டு, பழைய நடுவூரைப் பொது அட்டவணைக்கு விட்டுவிட்டால், நெரிசல் இருக்கும் இடத்திலேயே இருக்கும்.

பொதுமக்கள் அறிய வேண்டியவை

திட்ட அனுமதி எண், அனுமதித்த தளங்கள், பயன்பாடு ஆகிய விவரங்களைக் கட்டுமான இடத்தில் பலகையில் எழுதி வைக்க வேண்டும். பலகையில் இரண்டு தளம் என்றிருக்க மூன்றாம் தளத்துக்குக் கம்பி கட்டப்பட்டால், புகார் செய்ய வேண்டிய நேரம் அதுவே. கான்கிரீட் இறுகிய பின் வழக்குத்தான். அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் கேட்கலாம். பெருநகர எல்லைக்குள் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமும் அதற்கு வெளியே நகர் ஊரமைப்பு இயக்ககமும் திட்ட அனுமதிக்குப் பொறுப்பு. சிறு கட்டடங்களுக்கு அனுமதி தரும் அதிகாரம் நகராட்சிக்கும் பேரூராட்சிக்கும் ஒப்படைக்கப்பட்டிருப்பதால், முதல் மனுவை உள்ளாட்சி அலுவலகத்திலேயே கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்வது நல்லது. வாடகைக்குக் கடையோ அறையோ எடுப்பவரும் வரைபட நகலைக் கேட்டுப் பெறலாம். அதில் முதலில் பார்க்க வேண்டியது அறையின் அளவு அன்று. படிக்கட்டு எத்தனை, அவற்றில் ஒன்றாவது நேராகத் தெருவுக்குத் திறக்கிறதா என்பது.